தானுந்து மின்னேற்ற அமைப்பும் அதன் பழுதறிதலும்

தானுந்து மின்னேற்ற அமைப்பு என்பது, ஓடும் தானுந்தின் மின் தேவைகளை நிறைவு செய்வதோடு, பொறியைத் தொடக்கியபோது பேட்டரி இழந்த மின்னூட்டத்தைத் திரும்ப நிரப்பும் அமைப்பாகும். பேட்டரி, மின்னியற்றி, மின்னழுத்தச் சீராக்கி, மின்னியற்றியைச் சுழற்றும் பட்டை, இவற்றை இணைக்கும் கம்பிகள் ஆகியன இதன் உறுப்புகள். இவற்றுள் எது பழுதானாலும் ஓட்டுநருக்குத் தெரியும் அறிகுறி பெரும்பாலும் ஒன்றே: காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது. அறிகுறி ஒன்றாகவும் காரணங்கள் பலவாகவும் இருப்பதால், நல்ல பேட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவதும், அப்புதியதும் இரு வாரங்களில் இறங்கிப்போவதும் அடிக்கடி நிகழ்கின்றன. எண்முறை மின்னழுத்தமானி ஒன்றும் சிறிது பொறுமையும் இருந்தால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம்.

இக்கட்டுரை 12 வோல்ட்டு ஈய-அமில பேட்டரி கொண்ட பெட்ரோல், டீசல் தானுந்துகளைப் பற்றியது. சூழல் சார்ந்த எடுத்துக்காட்டுகள் பாலாற்றுப் படுகையிலிருந்து, அதாவது வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து தரப்படுகின்றன.

பெயர்கள்

பட்டறைகளில் வழங்கும் பெயர்கள் இவ்வமைப்பின் வரலாற்றையே சொல்கின்றன. மின்னியற்றியை இன்றும் பல பட்டறைகளில் "டைனமோ" என்றே அழைக்கின்றனர். பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி வண்டிகளில் இருந்தது உண்மையாகவே நேர்மின் டைனமோதான். பொறி மெதுவாக ஓடும்போது அதனால் போதிய மின்சாரம் தர இயலாது. அந்நேரத்தில் பேட்டரியிலிருந்து மின்னோட்டம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாமல் தடுக்க "கட்-அவுட்" என்னும் மின்காந்தத் தொடுப்பு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. இக்காலத் தானுந்துகளில் இருப்பது மாறுதிசை மின்னியற்றி, அதாவது ஆல்டர்னேட்டர். பயணிகள் தானுந்துகளில் அது பரவலானது 1960களில். கிரைசுலர் நிறுவனம் 1960ஆம் ஆண்டின் வேலியண்ட் வண்டியில் அதனைப் பொருத்தியது. இதில் திரும்பு மின்னோட்டத்தை இருமுனையங்களே, அதாவது டையோடுகளே தடுத்துவிடுவதால் கட்-அவுட்டுக்கு வேலையில்லை. ஆயினும் மின்னழுத்தச் சீராக்கியைக் "கட்-அவுட்" என்று சொல்லும் வழக்கம் மறையவில்லை. தொடக்கி மின்னோடிக்கு "செல்ஃப் மோட்டார்" என்பது வழக்கு. கைப்பிடியைச் சுழற்றித் தொடக்கிய வண்டிகளுக்கு மாற்றாக, சார்லசு கெட்டரிங் உருவாக்கிய மின் தொடக்கி 1912இல் கடிலாக் வண்டியில் வந்தபின் "தானே தொடங்குவது" என்ற பொருளில் நிலைத்த பெயர் இது.

தமிழ்நாட்டுக்கு இத்துறையில் நெடுந்தொடர்பு உண்டு. தொடக்கிகளையும் மின்னியற்றிகளையும் செய்யும் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை சென்னைப் பாடியில் உள்ளது. மின்கலங்கள் உள்ளிட்ட மின்வேதியியல் ஆய்வுக்கென்று காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் அது திறக்கப்பட்டது. அதற்கு 300 ஏக்கர் நிலம் அளித்தவர் அழகப்பச் செட்டியார்.

பேட்டரி

ஈய-அமில மின்கலத்தை 1859இல் பிரான்சு நாட்டு இயற்பியலாளர் காசுட்டன் பிளாண்டே உருவாக்கினார். ஈய டைஆக்சைடு நேர்த்தகடாகவும், ஈயம் எதிர்த்தகடாகவும், நீர்த்த கந்தக அமிலம் மின்பகுளியாகவும் அமைகின்றன. மின்னிறக்கத்தின்போது இரு தகடுகளும் ஈயச் சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் மிகுகிறது. எனவே அமிலத்தின் அடர்த்தியே மின்னூட்டத்தின் அளவுகோலாகிறது. மூடி திறக்கக்கூடிய பேட்டரிகளில் ஐதரோமீட்டரைக் கொண்டு ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளக்க முடிவது இதனால்தான். குளிர்நாடுகளில் முழு மின்னூட்டத்தில் 1.270க்கு அருகில் இருக்கும் ஒப்படர்த்தி, வெப்ப நாடுகளுக்கென்று நிரப்பப்படும் பேட்டரிகளில் 1.240 அளவில் சற்றுக் குறைவாக வைக்கப்படுகிறது. அடர்ந்த அமிலமும் வெப்பமும் சேர்ந்தால் தகடுகள் விரைவில் அரிக்கும் என்பது காரணம். வெளிநாட்டு நூல்களில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டு இங்குள்ள பேட்டரியில் அமிலம் ஊற்றி அடர்த்தியைக் கூட்டுவது பெரும் பிழை.

ஒரு கலம் ஏறத்தாழ 2.1 வோல்ட்டு தரும். ஆறு கலங்கள் தொடராக இணைந்து 12.6 வோல்ட்டு ஆகின்றன. ஆறில் ஒன்று உள்ளுக்குள் குறுக்குச்சுற்றானால் 10.5 வோல்ட்டே எஞ்சும். மின்னேற்றிய பிறகும் 10.5க்கு அருகிலேயே நிற்கும் பேட்டரிக்கு மருத்துவம் இல்லை.

மின்னியற்றி

மின்னியற்றியின் நடுவே சுழலும் சுற்றகத்தில் ஒரு கம்பிச்சுருள் உள்ளது. கரித்துண்டுகள், அதாவது பட்டறை வழக்கில் "கார்பன்", வழியாக அச்சுருளுக்குச் சிறு மின்னோட்டம் செல்லும்போது அது மின்காந்தமாகிறது. சுற்றிலும் உள்ள நிலையகத்தின் மூன்று சுருள்களில் மூன்று தறுவாய் மாறுமின்சாரம் பிறக்கிறது. ஆறு இருமுனையங்கள் அதனை நேர்மின்சாரமாக மாற்றுகின்றன. சீராக்கி, சுற்றகத்துக்குச் செல்லும் சிறு மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் வெளியீட்டை 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் நிறுத்துகிறது. பேட்டரியின் 12.6 வோல்ட்டை விட உயர்ந்த அழுத்தம் இருந்தால்தான் மின்சாரம் அதனுள் பாயும். நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வது போன்றதே இது.

முகப்புப் பலகையில் எரியும் சிவப்பு பேட்டரி விளக்குக்குப் பல வண்டிகளில் இரட்டை வேலை உண்டு. எச்சரிப்பதோடு, சுற்றகத்துக்கு முதல் மின்னோட்டத்தைத் தருவதும் அவ்விளக்கு வழியாகவே. இத்தகைய வண்டிகளில் அந்தச் சிறு குமிழ் எரிந்துபோனால், பழுதற்ற மின்னியற்றியும் விழித்துக்கொள்ளாமல் போகக்கூடும். ஆகையால் சாவியை முதல் நிலைக்குத் திருப்பும்போது சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது, ஓடும்போது அணைகிறதா என்று பார்ப்பதற்கு நிகராக முதன்மையானது.

பாலாற்றுப் படுகையின் சூழல்

வேலூர் தமிழ்நாட்டின் மிக வெப்பமான ஊர்களுள் ஒன்று. கத்திரி வெயில் நாட்களில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். பொறிக்கூட்டினுள் அது இன்னும் மிகும். வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தோராயமான விதி. தகடு அரிப்பும் நீரிழப்பும் தன்மின்னிறக்கமும் அவ்வாறே விரைகின்றன.

இதில் ஒரு முரண் உண்டு. வெப்பம் பேட்டரியைக் கெடுக்கிறது; ஆனால் கெட்டதை மறைத்தும் விடுகிறது. வெயில் காலத்தில் பொறி எண்ணெய் இளகியிருக்கும், பேட்டரியின் உள்தடை குறைந்திருக்கும்; எனவே நலிந்த பேட்டரியும் வண்டியைக் கிளப்பிவிடும். மே மாதத்தில் நேர்ந்த சேதம் மார்கழிக் காலையில்தான் வெளிப்படும். "நேற்றுவரை நன்றாக இருந்தது" என்னும் முறையீடு பெரும்பாலும் உண்மை. பேட்டரி நன்றாக இருந்ததாகத் தோன்றியது என்பதே சரி.

இரண்டாவது, நீர். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் இப்பகுதியின் நிலத்தடி நீர் உவர்ப்பேறியது பலரும் அறிந்த செய்தி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மைல்கற்களில் ஒன்று. அந்நீரைப் பேட்டரியில் ஊற்றுவது வேறு எப்பகுதியை விடவும் இங்கே கேடு மிகுந்தது. குளோரைடு நேர்த்தகட்டின் ஈயச் சட்டத்தை அரிக்கும். நீரில் கரைந்த இரும்பு தன்மின்னிறக்கத்தைத் தூண்டும். வீட்டுச் சுத்திகரிப்பானின் நீரிலும் உப்பு ஓரளவு எஞ்சியிருப்பதால் அதுவும் ஏற்றதன்று. வடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும். குறைந்தது நீரேயன்றி அமிலம் அன்று என்பதால், சிந்திப்போன நிலையைத் தவிர, அமிலம் ஊற்றுதல் கூடாது.

மூன்றாவது, குறும்பயணம். இராணிப்பேட்டை மாவட்டத்தில் ஆற்காடு–ஆரணி சாலையில் உள்ள திமிரி போன்ற ஊர்களைச் சுற்றிலும், தொழிலாளரை ஏற்றிச்செல்லும் வேன்களுக்கு ஊருக்கு ஊர் நிறுத்தம். விடியுமுன் முகப்பு விளக்கு, உள்விளக்கு, பாட்டுப்பெட்டி யாவும் இயங்கினால் சுமார் 240 வாட்டு, அதாவது 17 ஆம்ப்பியர் செலவாகும். தொடக்கி 200 ஆம்ப்பியரை 3 நொடிக்கு இழுத்தால் செலவு 0.17 ஆம்ப்பியர்-மணி மட்டுமே. பொறியை நிறுத்திவிட்டு விளக்கும் பாட்டுமாக 5 நிமிடம் காத்திருந்தால் செலவு 1.4 ஆம்ப்பியர்-மணி, அதாவது எட்டு மடங்கு. பேட்டரியைத் தின்பது தொடக்கமன்று, காத்திருப்பு. பொறி நிலைவேகத்தில் ஓடினாலும் முழு நன்மை இல்லை. மின்னியற்றியின் மேல் பொறிக்கப்பட்ட அளவு அது நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் சுழலும்போது கிடைப்பது, நிலைவேகத்தில் கிடைப்பதோ பெரும்பாலும் அதன் பாதிக்கும் குறைவு. மேலும், நிறைவை நெருங்கிய பேட்டரி மின்சாரத்தை மெதுவாகவே ஏற்கும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிரம்பச் சில மணி நேரம் ஆகலாம். நாள்தோறும் அரைகுறையாக நிற்கும் தகடுகளில் ஈயச் சல்பேட்டு கடினப் படிகங்களாக இறுகிவிடுகிறது. அவ்வாறு இறுகியது எளிதில் திரும்பாது.

பழுதறியும் முறை

முதலில் கண்ணால் பார்த்தல். முனையங்களில் வெண்மை அல்லது நீலப்பச்சைப் பூப்பு, தளர்ந்த கவ்வி, வெடித்த பட்டை, அமில மட்டம் ஆகியவற்றைப் பார்க்காமல் அளவீட்டில் இறங்குவது வீண். கையால் திருகி ஆட்டினால் அசையும் கவ்வியே பல "பேட்டரி பழுது"களின் முழுக் கதை. பூப்பைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவலாம்; கரைசல் கலத்தினுள் போகக்கூடாது.

அடுத்து நிலை மின்னழுத்தம். ஓட்டம் முடிந்தவுடன் அளந்தால் தகடுகளின் மேற்பரப்பு மின்னூட்டம் ஏமாற்றும். இரவு முழுதும் நின்றபின் அளப்பதே சிறந்தது. இயலாதெனில் முகப்பு விளக்கை இரண்டு நிமிடம் எரித்து அணைத்துச் சற்றுப் பொறுத்து அளக்கலாம். 12.6 வோல்ட்டு நிறைவையும், 12.4 முக்கால் பங்கையும், 12.2 பாதியையும், 12.0 கால் பங்கையும் காட்டும். அடர்த்தி குறைந்த அமிலம் நிரப்பிய பேட்டரிகளில் இவ்வெண்கள் சிறிதளவு கீழே இருக்கும். மின்னழுத்தம் குறைவென்பது பேட்டரி கெட்டதற்குச் சான்றன்று. அது வெறுமையாக இருக்கிறது என்பதற்கே சான்று. வெறுமையான பேட்டரியைச் சோதித்துக் கெட்டது என்று தீர்ப்பளிப்பதே இத்துறையில் மிகப் பரவலான பிழை. முதலில் மின்னேற்றியால் முழுதும் நிரப்பி, பிறகே சோதிக்க வேண்டும்.

நிரம்பிய பேட்டரியைக் கொண்டு தொடக்கச் சோதனை செய்யப்படுகிறது. பொறியைச் சுழற்றும்போது மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுமானால் பேட்டரி நலிந்தது, அல்லது தொடக்கி மிகையாக இழுக்கிறது. விழாமல் 11க்கு மேல் நின்றும் பொறி மெதுவாகச் சுழன்றால், குறை பேட்டரியில் இல்லை. கம்பியிலோ புவியிணைப்பிலோ தொடக்கியிலோ இருக்கும். "டக்" என்று ஒரே ஒலி மட்டும் கேட்பதற்கும் இவ்விரண்டு வகைக் காரணமும் உண்டு. அளவீடே பிரித்துக் காட்டும்.

மூன்றாவது, ஓடும்போது அளத்தல். பொறியை நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்றுகளில் நிறுத்தி, பேட்டரி முனையங்களில் அளந்தால் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். பின் முகப்பு விளக்கு, குளிர்சாதன விசிறி முதலியவற்றை இயக்கினாலும் 13.5க்குக் கீழே செல்லக்கூடாது. 12.6இலேயே நின்றோ மெல்ல இறங்கியோ சென்றால் மின்னேற்றம் நிகழவில்லை. 15க்கு மேல் ஏறினால் சீராக்கி பழுது. நீர் விரைவில் வற்றும், குமிழ்கள் அடிக்கடி எரிந்துபோகும், அழுகிய முட்டை நாற்றம் வரும். வெப்பம் மிகும்போது சீராக்கி வேண்டுமென்றே அழுத்தத்தைக் குறைப்பதால், கோடை நண்பகலில் 13.6 என்று காட்டுவது குறையாகாது.

மின்னேற்றம் இல்லையெனக் கண்டவுடன் மின்னியற்றியைக் கழற்றிவிடக் கூடாது. மானியின் ஒரு முனையை மின்னியற்றியின் வெளியீட்டு முனையத்திலும், மறுமுனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் வைத்து, விளக்குகளை எரியவிட்டு அளந்தால், இடைப்பட்ட கம்பி விழுங்கும் அழுத்தம் தெரியும். புவியிணைப்புப் பக்கத்தையும் இவ்வாறே அளக்கலாம். ஒவ்வொன்றிலும் 0.2 வோல்ட்டு அளவே ஏற்கத்தக்கது. துருவேறிய ஓர் இணைப்பின் மின்தடை 0.01 ஓம் மட்டுமே என்று கொண்டாலும், 60 ஆம்ப்பியர் பாயும்போது 0.6 வோல்ட்டு அங்கேயே தொலையும், மின்னியற்றியில் 14.2 இருக்க, பேட்டரிக்குக் கிடைப்பது 13.6தான். அதே இணைப்பு வழியே தொடக்கிக்கு 150 ஆம்ப்பியர் செல்கையில் 1.5 வோல்ட்டு தொலையும். சில ரூபாய் மணல்தாளில் தீரும் இப்பழுதுக்கு மின்னியற்றி, பேட்டரி, தொடக்கி மூன்றையும் மாற்றியவர்கள் உண்டு.

மின்னியற்றியே குறையுடையதெனின், தேய்ந்த கார்பன், பழுதான சீராக்கி, உடைந்த இருமுனையம் ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணம். முதலிரண்டும் மலிவானவை, முழு மின்னியற்றியை மாற்றத் தேவையில்லை. இருமுனையம் ஒன்று கெட்டால் வெளியீடு குறைவதோடு மாறுமின் சிற்றலை கலக்கும். மானியை மாறுமின் அளவுக்கு மாற்றிப் பேட்டரியில் அளக்கையில் 0.5 வோல்ட்டுக்கு மேல் தெரிந்தால் இதனை ஐயுறலாம். சிவப்பு விளக்கு மங்கலாக எரிவதும், வானொலியில் பொறி வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளையும் இதன் அறிகுறிகள்.

நிற்கும்போது கசிவு

நிறுத்திய வண்டியிலும் கடிகாரம், கணினி நினைவகம், திருட்டு எச்சரிப்பான் ஆகியவை சிறிது மின்சாரம் உண்ணும். 50 மில்லி ஆம்ப்பியர் வரை இயல்பெனக் கொள்வர். நாளொன்றுக்கு அது 1.2 ஆம்ப்பியர்-மணி, 45 ஆம்ப்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய நாடளாவிய ஊரடங்கில் இரு மாதங்கள் நின்ற வண்டிகளுக்கு இக்கணக்கு 72 ஆம்ப்பியர்-மணி என்று வந்தது. எந்தப் பழுதும் இல்லாத தானுந்துகள் வரிசையாகக் கிளம்பாமற்போனதற்கு இதுவே காரணம். நெடுநாள் நிறுத்துவதாயின் எதிர்முனைக் கவ்வியைக் கழற்றிவைப்பது போதும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் பொறியை ஓடவிடுவது பயனற்றது. தொடக்கத்தில் செலவானதை மீட்பதற்கு மேல் அது எதையும் சேர்ப்பதில்லை.

கசிவை அளக்க, எதிர்முனைக் கவ்விக்கும் பேட்டரிக்கும் இடையே ஆம்ப்பியர்மானியைத் தொடராக இணைக்க வேண்டும். கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்தால்தான் வண்டியின் கணினிகள் உறங்கும். மானி இணைந்திருக்கையில் பொறியைத் தொடக்கினால் மானியின் உருகி போய்விடும். அளவு மிகுதியெனில், உருகிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறது என்று பார்க்கலாம். பின்னர்ப் பொருத்திய பாட்டுப்பெட்டி, இடங்காட்டி, அணையாத பின்பெட்டி விளக்கு ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். எல்லா உருகிகளையும் பிடுங்கியும் எண் விழாவிடில், கசியும் இருமுனையம் கொண்ட மின்னியற்றியை ஐயுற வேண்டும். அதன் தடித்த கம்பி பல வண்டிகளில் உருகிப்பெட்டி வழியே செல்வதில்லை.

வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால்

ஓட்டத்தின் நடுவே விளக்கு எரிந்தவுடன் பார்க்க வேண்டியது வெப்பமானி. பல வண்டிகளில் மின்னியற்றியைச் சுழற்றும் பட்டையே நீரேற்றியையும் சுழற்றுகிறது. சிவப்பு விளக்கோடு வெப்பமும் ஏறினால் பட்டை அறுந்துள்ளது என்று கொண்டு உடனே நிறுத்த வேண்டும். மேலும் சில கிலோமீட்டர் ஓட்டினால் பொறியின் தலைப்பகுதியே வளைந்துவிடும். வெப்பம் ஏறவில்லையெனில் பேட்டரியில் உள்ளதைக் கொண்டு ஓடலாம். எரிபொருள் ஏற்றி, பொறிக் கணினி முதலியவை 10 முதல் 15 ஆம்ப்பியர் உண்ணும். பகலில் குளிர்சாதனத்தையும் பாட்டையும் அணைத்துவிட்டால், நல்ல பேட்டரியைக் கொண்டு திமிரியிலிருந்து ஆற்காட்டையோ வேலூரையோ அடைவது கடினமன்று. இரவில் முகப்பு விளக்கும் சேர்வதால் நேரம் வெகுவாகச் சுருங்கும். விளக்கு மங்கத் தொடங்கிய பிறகு நெடுஞ்சாலையில் தொடர்வது உயிருக்கே ஆபத்து. இடையில் பொறியை நிறுத்தினால் மீண்டும் கிளம்பாது.

2015 திசம்பரில் சென்னையிலும், 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளத்தின்போதும் கண்டது போல, நீரில் மூழ்கி எழுந்த வண்டிகளில் மின்னியற்றி உடனே கெடாமல் சில வாரங்கள் கழித்தே நிற்பதுண்டு. தாங்கியிலும் நழுவு வளையங்களிலும் படிந்த சேறு மெதுவாக வேலை செய்கிறது. அத்தகைய வண்டியை ஒருமுறை கழற்றித் துடைத்துவிடுவது நல்லது.

பாதுகாப்பு

மின்னேறும் பேட்டரி ஐதரசன் வளிமத்தை வெளியிடும். ஒரு தீப்பொறி அதனை வெடிக்கச் செய்யும். அடுத்த வண்டியிலிருந்து கம்பி கொடுத்துத் தொடக்கும்போது, சிவப்புக் கம்பியை முதலில் இறங்கிய பேட்டரியின் நேர்முனையிலும், பின் நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் இணைத்து, கறுப்பு நிறக் கம்பியை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் மாட்டியபின், அதன் கடைசி முனையைப் பழுதான வண்டியின் பொறி உலோகத்தில், பேட்டரிக்கு எட்டத்தில், மாட்ட வேண்டும். பொறி எழும்பும் கடைசி இணைப்பைப் பேட்டரியிலிருந்து விலக்கி வைப்பதே இவ்வரிசையின் நோக்கம்.

ஓடும் பொறியில் பேட்டரிக் கவ்வியைக் கழற்றி, "வண்டி நிற்கவில்லை, டைனமோ நன்று" என்று சொல்லும் பழஞ்சோதனை இன்றும் காணப்படுகிறது. டைனமோ காலத்தில் அது பொறுக்கத்தக்கதாக இருந்திருக்கலாம். மாறுதிசை மின்னியற்றியில், பேட்டரி என்னும் தாங்கி திடீரென நீங்கினால் மின்னழுத்தம் கணப்பொழுதில் பல பத்து வோல்ட்டுகளுக்குத் தாவும்; பொறிக் கணினியின் விலை புதிய பேட்டரியின் விலையைப் போல் பல மடங்கு.

புதிய வகை வண்டிகள்

அண்மைக்காலத் தானுந்துகள் பலவற்றில் சீராக்கியைப் பொறிக் கணினியே ஆள்கிறது. எரிபொருளைச் சேமிக்க, பேட்டரி நிறைந்திருக்கையில் அழுத்தத்தை 12.8 வரையில் இறக்கியும், வேகம் தணிக்கையில் 14.8 வரை ஏற்றியும் அது இயங்கும். ஒரே ஒருமுறை அளந்து பழுதென்று முடிவு செய்ய இவற்றில் இயலாது. விளக்குகளை எரியவிட்டுச் சில நிமிடங்கள் கவனிக்க வேண்டும். எதிர்முனைக் கவ்வியில் மின்னோட்ட உணரி உள்ள வண்டிகளில், மின்னேற்றியின் கறுப்புக் கம்பியை உணரியைத் தாண்டி வண்டியின் உடலில் இணைக்காவிடில் கணினியின் கணக்குத் தவறும். நிறுத்தத்தில் தானே அணைந்து எழும் வசதி உள்ள வண்டிகளுக்கு, அதற்கெனச் செய்யப்பட்ட பேட்டரியே பொருத்தப்பட வேண்டும். சாதாரண பேட்டரி சில மாதங்களில் ஓய்ந்துவிடும்.

பழைய பேட்டரி

கழற்றிய பேட்டரியின் எடையில் பெரும்பகுதி ஈயம். அது நஞ்சு, விலையுள்ளதும்கூட. 2001ஆம் ஆண்டின் விதிகளும், அவற்றுக்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளும் அதனைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கப் பணிக்கின்றன. புதியது வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்தால் விலையில் கழிவு கிடைக்கும். தெருவில் உடைத்து ஈயம் எடுக்குமிடங்களில் அமிலம் மண்ணில் ஊற்றப்படுகிறது. உருக்கும் புகையில் உள்ள ஈயம் அருகில் விளையாடும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது.